எல்லாரும் நல்லது என்கிறார்கள், யாரும் மாறவில்லை: ஒரு சந்தைச் செயலியும் சில பழைய பாடங்களும்

சாரல் வணிகன், செங்கோட்டை

பாவூர்ச்சத்திரம் சந்தையில் காய்கறி எடுத்துப் புனலூர், பத்தனாபுரம், கொட்டாரக்கரைக் கடைகளுக்கு அனுப்பும் தொழிலில் இருக்கிறேன். எங்கள் கொடுக்கல் வாங்கல் முழுவதும் இன்று வாட்ஸ்அப்பில் நடக்கிறது. கடைக்காரர்கள் இரவு கடை அடைத்த பிறகு, தக்காளி இத்தனை பெட்டி, முருங்கை இத்தனை கட்டு என்று தமிழும் மலையாளமும் கலந்த குரல் பதிவில் சொல்லி அனுப்புவார்கள். எங்கள் கணக்குப்பிள்ளை அவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுச் சிட்டையில் ஏற்றுவார். காலையில் லோடு இறங்கி எடை குறைந்திருந்தால் அதற்கும் ஒரு குரல் பதிவு வரும். மாதக் கடைசியில் பாக்கி பார்க்க உட்காரும்போது எந்தப் பதிவு எந்த லோடுக்குரியது என்று தேடுவதே பெரும்பாடு.

இதற்கென்றே ஒரு நிறுவனம் செயலி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறது. ஆர்டர், அன்றைய விலை, எடைச்சீட்டு, வண்டி வரும் நேரம், பாக்கி ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில், இரண்டு மொழிகளிலும் கிடைக்கின்றன. பயன்படுத்திப் பார்த்த வரையில் எனக்கு அதில் குறை தெரியவில்லை. ஆனால் புனலூர்க் கடைக்காரர்களைக் கேட்டால், "நீங்கள் ஒருவர் மட்டும் அதில் இருந்து என்ன பயன், மற்ற மொத்த வியாபாரிகள் வாட்ஸ்அப்பில்தானே விலை போடுகிறார்கள்?" என்கிறார்கள். மொத்த வியாபாரிகளைக் கேட்டால், "முதலில் கடைக்காரர்கள் வரட்டும், நாங்கள் பின்னாலேயே வருகிறோம்" என்கிறார்கள். இரு தரப்பும் செயலி நல்லது என்று ஒப்புக்கொள்கின்றன, ஆனால் ஒருவரும் நகரவில்லை. இது எங்கள் வட்டாரத்தின் மெத்தனமா, அல்லது இதற்கு வேறு காரணம் உண்டா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், பாலக்காடு

இதை மெத்தனம் என்று நான் கருதவில்லை. கடைக்காரர் சொன்ன பதிலும் மொத்த வியாபாரி சொன்ன பதிலும் அவரவர் நிலையிலிருந்து பார்த்தால் முழுக்க நியாயமானவை. தனித்தனியே நியாயமாக முடிவெடுக்கும் இரு தரப்பினர், சேர்ந்து பார்க்கும்போது ஒருவருக்கும் விருப்பமில்லாத இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள் என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

நீங்கள் ஒரு மின்தராசு வாங்கும்போது பக்கத்துக் கடையில் எந்தத் தராசு இருக்கிறது என்று பார்ப்பதில்லை. தொலைபேசி அப்படிப்பட்ட பொருள் அல்ல, ஏனெனில் எதிர்முனையில் ஆள் இருந்தால்தான் அதற்கு மதிப்பு. இப்படிப் பிறர் சேரச் சேர ஒரு பொருளின் பயன் கூடுவதைப் பொருளியலில் வலைப்பின்னல் விளைவு என்கிறார்கள். மைக்கேல் காட்ஸ், கார்ல் ஷாப்பிரோ ஆகிய இரு பொருளியலாளர்களும் 1985இல் எழுதிய கட்டுரை இதில் எதிர்பார்ப்புக்கு உள்ள பங்கை விளக்கியது. இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதோடு, நாளை எத்தனை பேர் இருப்பார்கள் என்று மக்கள் நம்புகிறார்கள் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. "யாரும் வர மாட்டார்கள்" என்ற நம்பிக்கை பரவிவிட்டால், அந்த நம்பிக்கையே அதை உண்மையாக்கிவிடும். பிரையன் ஆர்தர் என்ற பொருளியலாளர் 1989இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, இவ்வாறு பயன் பெருகும் இடங்களில் தொடக்கத்தில் தற்செயலாக நேர்ந்த சிறு நிகழ்வுகள் கூடச் சந்தையை ஒரு தொழில்நுட்பத்தின் பக்கம் சாய்த்துவிட முடியும் என்றும், சாய்ந்த பிறகு மீள்வது கடினம் என்றும் காட்டினார்.

வாட்ஸ்அப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014இல் பேஸ்புக் அதை ஏறத்தாழ 19 பில்லியன் டாலருக்கு வாங்குவதாக அறிவித்தபோது அங்கே வேலை பார்த்தவர்கள் 55 பேர் அளவில்தான் இருந்தார்கள், பயன்படுத்தியவர்களோ மாதத்துக்கு 45 கோடிப் பேர். செய்தி அனுப்பும் மென்பொருளை அந்தப் பணத்தில் மிகச் சிறிய பகுதியைக் கொண்டே எழுதிவிடலாம். விலை கொடுக்கப்பட்டது அந்த 45 கோடிப் பேர் ஒருவரை ஒருவர் அங்கே கண்டுகொள்கிறார்கள் என்பதற்காகத்தான்.

உங்கள் குழுவைப் பிடித்து வைத்திருப்பது ஆள் கூட்டம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பல மாதப் பாக்கி அந்தக் குரல் பதிவுகளுக்குள் கிடக்கிறது. எந்தக் கடைக்காரர் "நல்ல சரக்கு" என்றால் எதைச் சொல்கிறார் என்பது உங்கள் கணக்குப்பிள்ளையின் காதுக்கு மட்டுமே தெரியும். செயலி எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் இவற்றை எல்லாம் தூக்கிக்கொண்டு அங்கே போக வேண்டியிருக்கிறது.

மீட்டர்பாதை, புனலூர்

ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். வணிகன் தம்பி கேட்டிருக்கும் கேள்விக்கு அவர் ஊர் நிலையத்தின் வரலாற்றிலேயே விடை இருப்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

இந்தியாவில் முதலில் போடப்பட்டது அகலப்பாதை, 1676 மில்லிமீட்டர். இங்கிலாந்தில் இரு வகைத் தண்டவாள அகலங்கள் மோதிக்கொண்டு பட்ட தொல்லையைக் கண்ட கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி, இந்தியா முழுவதற்கும் ஒரே அகலம் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆனால் 1870 வாக்கில் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு செலவைக் குறைக்க வேண்டி ஒரு மீட்டர் அகலப் பாதையைத் தேர்ந்தெடுத்தது. அளவு சரியாக ஒரு மீட்டர் ஆனதற்குக் காரணம், மெட்ரிக் அளவை முறை விரைவில் இந்தியாவுக்கு வரப்போகிறது என்று அப்போது எதிர்பார்க்கப்பட்டதுதான். அந்தத் திட்டம் அன்று கைவிடப்பட்டது. மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல்தான் வந்தது. அதற்குள் மீட்டர் பாதை நாடெங்கும் பல்லாயிரம் கிலோமீட்டர் பரவிவிட்டது.

கொல்லம் செங்கோட்டை வழி 1904இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தில் அது தவறான தேர்வு அல்ல. கழுதுருட்டியின் பதிமூன்று கண் பாலத்தையும் ஆரியங்காவு மலைக் குகைகளையும் பார்த்தவர்களுக்கு, அந்த ஏற்றத்தில் அகலப்பாதை போட எவ்வளவு செலவாகியிருக்கும் என்பது புரியும். அதோடு கிழக்கே திருநெல்வேலி, மதுரை, எழும்பூர் வரை எல்லாமே மீட்டர் பாதையாக இருந்தது. கொல்லம் மெயில் எழும்பூரில் புறப்பட்டு, பெட்டி மாறாமல் இந்த மலையைக் கடந்து வந்தது. சுற்றியுள்ள வழிகள் எல்லாம் அதே அகலத்தில் இருந்த வரைக்கும் எங்கள் பாதைக்கு மதிப்பு இருந்தது.

பின்னர் நடந்ததுதான் பாடம். 1976இல் திருவனந்தபுரம் பக்கம் அகலப்பாதை ஆனவுடன், எங்கள் பாதையில் ஓர் ஆணியைக் கூட யாரும் தொடாத நிலையிலும் அதன் மதிப்பு குறைந்துவிட்டது. ஒரு பக்கத்திலிருந்து வந்த சரக்கு வேகன் கொல்லத்தைத் தாண்ட முடியாது. மூட்டைகளை இறக்கி எதிர்ப் பக்கத்து வேகனில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மூட்டைக்கும் இரட்டைக் கூலி, இரட்டைச் சேதாரம், காத்திருப்பு. 1992இல் மற்ற பாதைகளையும் அகலப்பாதையாக்கும் ஒரே பாதைத் திட்டம் தொடங்கி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து அகலப்பாதை செங்கோட்டையை எட்டியபோது நிலைமை இன்னும் மோசமானது. இரு முனையிலும் அகலப்பாதை வந்து நிற்க, நடுவில் மலை மேல் மட்டும் மீட்டர் பாதை. டீச்சர் சொன்ன வலைப்பின்னல் விளைவு சேரும்போது எப்படி மதிப்பைக் கூட்டுமோ, பிறர் விலகும்போது அதே வேகத்தில் குறைக்கவும் செய்யும்.

மாறுவதற்கு என்ன விலை கொடுத்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். புனலூர் செங்கோட்டைப் பகுதி வெறும் 49 கிலோமீட்டர். 2010 செப்டம்பரில் மூடினார்கள், 2018இல்தான் அகலப்பாதையாக முழுமையாகத் திறந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் தென்மலை, ஆரியங்காவு, பகவதிபுரம் மக்களுக்கு ரயிலே இல்லை. எல்லாரும் ஒரே அகலத்துக்கு மாறியதால் வந்த பயன் நாடு முழுவதற்கும் கிடைத்தது, மாறும் காலத்துச் சுமை பெரும்பாலும் இந்த மலையடிவார ஊர்களின் தலையில் விழுந்தது. புதியது சிறந்ததா என்பதைப் போலவே, மாறும் செலவை யார் தலையில் வைப்பது என்பதையும் கேட்டுத் தீர வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

இதை வேறு விதமாகச் செய்த இடமும் உண்டு. அமெரிக்கத் தென் மாநிலங்களின் பாதைகள் ஐந்தடி அகலத்தில் இருந்தன, வடக்கோடு இணைய மூன்று அங்குலம் குறைக்க வேண்டியிருந்தது. 1886ஆம் ஆண்டு மே 31, ஜூன் 1 ஆகிய இரண்டு நாள்களில் அந்த மாநிலங்கள் அனைத்திலும் ஒரே நேரத்தில் ஒரு பக்கத் தண்டவாளத்தை உள்ளே நகர்த்தினார்கள். புதிய இடத்துக்கான உள்பக்க ஆணிகளை முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார்கள், வண்டிச் சக்கரங்களையும் தயார் செய்திருந்தார்கள். தனியொரு கம்பெனி முதலில் மாறியிருந்தால் அது தன் அண்டைப் பாதைகளிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்கும். அதனால்தான் நாளைக் குறித்து எல்லாரும் சேர்ந்து மாறினார்கள்.

தேவிகுளம் மென்பொருளாளர், மூணாறு

நல்லது தோற்றது, கெட்டது பூட்டிக்கொண்டது என்ற இந்தக் கதையை எல்லா இடத்திலும் ஏற்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை தேவை என்று எண்ணுகிறேன். பால் டேவிட் என்ற பொருளியலாளர் 1985இல், நாம் இன்றும் தட்டச்சு செய்யும் குவெர்ட்டி விசைப்பலகையை இதற்குச் சான்றாகக் காட்டியது புகழ்பெற்றது. ஆனால் லீபோவிட்ஸ், மார்கோலிஸ் என்ற வேறு இரு பொருளியலாளர்கள் 1990இல் அந்தச் சான்றுகளையே தோண்டிப் பார்த்தார்கள். அதற்குப் போட்டியாக 1936இல் காப்புரிமை பெற்ற துவோராக் விசைப்பலகை மிக வேகமானது என்று காட்டிய 1944ஆம் ஆண்டு அமெரிக்கக் கடற்படைச் சோதனையில், அதை உருவாக்கிய துவோராக்குக்கே தொடர்பு இருந்தது. 1956இல் நடந்த இன்னொரு சோதனை, மறுபயிற்சிக்கு ஆகும் செலவுக்கு ஈடான பயன் இல்லை என்றது. வீடியோ நாடாப் போட்டியில் சிறந்ததான பீட்டாமேக்ஸ் விஎச்எஸ்ஸிடம் தோற்றது என்ற கதையும் அப்படித்தான். 1975இல் வந்த அதன் நாடா ஒரு மணி நேரம் ஓடியது, அடுத்த ஆண்டு வந்த விஎச்எஸ் இரண்டு மணி நேரம் ஓடியது. ஒரு முழுப் படத்தைப் பதிவு செய்ய விரும்பிய வீட்டுக்காரருக்கு எது சிறந்தது?

ஆகவே வணிகன் அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி. செயலி சிறந்தது என்பது யாருடைய பார்வையில்? கடைக்காரர் கையில் மண்ணும் ஈரமுமாக நின்றுகொண்டு ஒரு பொத்தானை அழுத்திப் பேசிவிட்டுப் போகிறார். அதே ஆர்டரைச் செயலியில் ஒவ்வொரு காயாகத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கை இட வேண்டும். கணக்குப் பார்ப்பவருக்கு அது எளிது, பேசுபவருக்கு எளிதா?

சாரல் வணிகன், செங்கோட்டை

இந்தக் கேள்வி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது, தம்பி. பயன் பெரும்பகுதி எங்கள் பக்கம் வருகிறது, கூடுதல் உழைப்பு கடைக்காரர் பக்கம் போகிறது. மீட்டர்பாதை அண்ணாச்சி சொன்ன சுமைக் கேள்வியும் இதுவும் ஒன்றே என்று படுகிறது.

அச்சகத்தார், செங்கோட்டை

தட்டச்சு பற்றிப் பேச்சு வந்ததால் என் தொழிலைச் சொல்கிறேன். எல்லை ஊர் என்பதால் எங்களிடம் கல்யாணப் பத்திரிகை பெரும்பாலும் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் மலையாளம் என்று வரும். தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்குக் கார்த்திகா என்ற பழைய எழுத்துருக்கள். இரண்டையும் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வைத்துச் செய்கிறோம். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது, எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடு அதற்குத் தெரியாது. யூனிகோடிலோ தமிழ் 1991 முதலே இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010இல் அதைத் தரமாக அறிவித்தது. ஆனாலும் பல அச்சகங்களில் இன்னும் பழைய முறைதான்.

எங்களைப் பிடித்து வைத்திருப்பது எழுத்துரு மட்டுமல்ல. பழைய எழுத்துருவை விட்டால் பேஜ்மேக்கரை விட வேண்டும், அதை விட்டால் பல ஆண்டுப் பத்திரிகை மாதிரிக் கோப்புகளை விட வேண்டும், அதோடு அந்த விசை அமைப்பில் கை பழகிய தட்டச்சரையும் மறுபடி பழக்க வேண்டும். ஒன்றைக் கழற்றினால் மற்ற மூன்றும் கூடவே வருகின்றன. இணையத்தில் எழுதியவர்கள் மட்டும் விரைவாக மாறினார்கள், ஏனெனில் பாமினியில் எழுதியதை அந்த எழுத்துரு இல்லாத கைப்பேசிக்கு அனுப்பினால் "அம்மா" என்ற சொல் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் போய் நிற்கும், கூகுளில் தேடினாலும் கிடைக்காது. எங்களிடமிருந்து வெளியே போவது அச்சடித்த தாள். தாளைப் படிப்பவருக்கு உள்ளே எந்தக் குறியாக்கம் என்பது தெரிய வேண்டியதில்லை. எனவே எங்களை இழுக்கும் கூட்டம் எதுவும் இல்லை.

இடையில் எழுத்துரு மாற்றிகள் வந்தன. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் யூனிகோடு வாசகத்தை ஒரே சொடுக்கில் பாமினியாக்கிவிடலாம். அது பெரும் உதவிதான். ஆனால் அந்த வசதி இருப்பதாலேயே பழைய முறையின் ஆயுளும் நீண்டது என்பதை நான் கண்கூடாகப் பார்க்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், பாலக்காடு

அச்சகத்தார் சொன்ன கடைசிக் கருத்து மிக முக்கியமானது. இடையில் ஒரு பாலம் போட்டால் மாறுகிறவருக்குத் துணிவு வருகிறது, மாறாதவருக்கும் இருந்த இடத்திலேயே இருக்க வசதி வருகிறது. பாலம் எந்தப் பக்கம் ஆளை நகர்த்தும் என்பது, புதிய பக்கத்தில் வேறு இழுப்பு இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. எங்கள் கேரளத்தில் 1971இல் தட்டச்சுப் பொறிக்கும் அச்சுக்கும் பொருந்துமாறு மலையாள எழுத்தின் கூட்டு வடிவங்களைக் குறைத்தார்கள். கணினி எழுத்துருக்கள் வந்து, எத்தனை வடிவம் இருந்தாலும் செலவு ஒன்றுதான் என்றானபோது, பழைய எழுத்து மீண்டும் தலைகாட்டியது. பூட்டுகிற கருவி மறைந்தால் சில பூட்டுகள் தாமே தளர்வதும் உண்டு.

சாரல் வணிகன், செங்கோட்டை

அப்படியென்றால் யுபிஐ எப்படி இவ்வளவு எளிதாகப் பரவியது, டீச்சர்? இதே கடைக்காரர்கள்தான் அதை ஏற்றுக்கொண்டார்கள். புனலூர்க் கடையில் ஒலிப்பெட்டி மலையாளத்தில் தொகையைச் சொல்கிறது, செங்கோட்டைக் கடையில் தமிழில் சொல்கிறது. பணம் எந்தச் செயலியிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், பாலக்காடு

நீங்கள் சொன்ன கடைசி வரியில்தான் விடை இருக்கிறது. யுபிஐக்கு முன்பிருந்த பணப்பைச் செயலிகளில், கடைக்காரரும் வாடிக்கையாளரும் ஒரே நிறுவனத்தின் பையை வைத்திருந்தால்தான் பணம் போகும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மீட்டர் பாதையைப் போட்டு வைத்திருந்தது என்று சொல்லலாம். 2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம் தொடங்கிய யுபிஐ, எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்த வங்கிக் கணக்குக்கும், எந்தச் செயலி வழியாகவும் பணம் போகலாம் என்று ஆக்கியது. இதனால் முதல் நாளில் சேர்ந்தவருக்கே முழு வலைப்பின்னலின் பயனும் கிடைத்தது. "மற்றவர் வரட்டும்" என்று காத்திருக்கத் தேவை இல்லாமல் போயிற்று.

எனினும் இதை முழு வெற்றி என்று சொல்லிவிட முடியாது. பொதுப் பாதை இருந்தும் போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டும் சேர்ந்து பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை வைத்திருக்கின்றன. எந்தச் செயலிக்கும் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கூடாது என்று கழகம் 2020இல் அறிவித்த வரம்பின் கெடு மீண்டும் மீண்டும் தள்ளிப்போய் 2026 கடைசிக்குப் போய்விட்டது. பொதுப் பாதை, வலைப்பின்னல் என்ற ஒரு பிணைப்பை மட்டும் அவிழ்க்கிறது. தொடக்கக் காலச் சலுகை, பழக்கம், கடையில் வைக்கும் ஒலிப்பெட்டி ஆகிய மற்ற பிணைப்புகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அந்தச் செயலிகளில் ஒன்று நாளை மோசமாக நடந்துகொண்டால், கடைக்காரர் தம் வாடிக்கையாளர் ஒருவரையும் இழக்காமல் வேறொன்றுக்குப் போகலாம்.

தேவிகுளம் மென்பொருளாளர், மூணாறு

இதில் டீச்சரோடு முழுதாக உடன்படுகிறேன். கைப்பேசி எண்ணிலும் இதையே பார்த்தோம். 2011 ஜனவரியில் எண்ணை மாற்றாமல் நிறுவனம் மாறும் வசதி நாடு முழுவதும் வந்தபோது, எங்களைப் போன்ற எல்லைக்காரர்களுக்கு அது பாதிப் பயன்தான் தந்தது. தொலைத்தொடர்பில் நாடு வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; தமிழ்நாட்டு வட்டத்தில் வாங்கிய எண்ணைக் கேரள வட்டத்துக்குக் கொண்டுபோக அப்போது முடியாது. போடியிலிருந்து மூணாறுக்குக் குடிபெயர்ந்தவர் எண்ணை விட வேண்டியிருந்தது, அல்லது இரண்டு சிம் வைத்திருக்க வேண்டியிருந்தது. 2015 ஜூலையில் வட்டம் தாண்டியும் மாற்றலாம் என்று வந்த பிறகுதான் எண் உண்மையில் நமக்குச் சொந்தமானது. நிறுவனங்கள் இந்த உரிமையைத் தாமாகத் தரவில்லை, ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயப்படுத்திய பிறகே தந்தன.

மீட்டர்பாதை, புனலூர்

அப்படியானால் தம்பி செய்ய வேண்டியது எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. எல்லா ஊரையும் ஒரே நேரத்தில் இழுக்க வேண்டாம். புனலூர்க் கடைகளில் பெரும்பாலானவை உங்கள் சந்தையின் சில வியாபாரிகளிடம்தான் சரக்கு எடுக்கின்றன. அந்த ஒரு வழியில் உள்ள கடைக்காரர், வியாபாரி எல்லாரையும் ஒரே நாளில் மாற்றுங்கள். கொட்டாரக்கரை பிறகு வரட்டும். ஆனால் அந்த நாளுக்கு முன்பே ஆணிகளை அடித்து வைத்துவிடுங்கள். பழைய பாக்கி முழுவதும் செயலியில் ஏற்றி, கடைக்காரர் பார்த்துச் சரி என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த வேலைக்கான கூலியை நிறுவனமோ வியாபாரிகளோ ஏற்க வேண்டும், கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது.

சாரல் வணிகன், செங்கோட்டை

அனைவருக்கும் நன்றி. இந்த இழையில் வந்தவற்றை வைத்து நிறுவனத்தின் ஆளிடம் பேசினேன். ஓணச் சரக்கு முடிந்த பிறகு புனலூர் வழியை மட்டும் ஒரே நாளில் மாற்றலாம் என்பதற்கு ஒப்புக்கொண்டார்கள், பழைய பாக்கியை ஏற்றும் வேலைக்குத் தங்கள் ஆளையே அனுப்புகிறார்கள். கடைக்காரர் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினாலும் அது செயலியில் ஆர்டராகப் பதிவாக வேண்டும் என்று கேட்டேன். இப்போதைக்கு எங்கள் கணக்குப்பிள்ளை கேட்டு ஏற்றலாம், பிறகு தானாக ஆகும்படி செய்கிறோம் என்றார்கள். மூன்றாவதாக, எங்கள் பாக்கிக் கணக்கையும் கடைக்காரர் பட்டியலையும் நாங்கள் கேட்கும்போது வேறு செயலியில் ஏற்றக்கூடிய கோப்பாகத் தர வேண்டும் என்று கேட்டதற்கு, "அப்படி ஒரு வசதி இல்லை, தேவைப்படாது" என்று பதில் வந்தது.

கொழிஞ்சாம்பாறை டீச்சர், பாலக்காடு

மூன்றாவதை விட்டுக்கொடுக்காதீர்கள். இன்று உங்களை அழைத்துப் போக அவர்கள் பாக்கி ஏற்றும் ஆளையே அனுப்புகிறார்கள் என்றால், உங்கள் கூட்டம் அவர்களுக்கு எவ்வளவு தேவை என்பது தெரிகிறது. புனலூர் முழுவதும் உள்ளே போன பிறகு இதே கேள்வியைக் கேட்டால், செவி சாய்க்க அவர்களுக்குக் காரணம் இருக்காது. கோப்பு எந்த வடிவத்தில், எத்தனை நாளுக்குள், கட்டணம் இன்றி என்ற மூன்றும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்க வேண்டும்.

சாரல் வணிகன், செங்கோட்டை

அப்படியே செய்கிறேன், டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சந்தை வியாபாரிகள் கூட்டத்தில் இதை வைக்கிறேன். அந்த வரி ஒப்பந்தத்தில் சேரும் வரை புனலூர் வழியில் யாரும் கையெழுத்திட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வேன். அதுவரை குரல் பதிவும் சிட்டையும் தொடரும்.